எழுதியவர் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் பழைய பாடல்களையும் நகைச்சுவைகளையும் பகிர்ந்துகொள்ளும் வாட்ஸ்ஆப் குழுக்களின் நிர்வாகிகளுக்கும் நண்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

விடியற்காலையில் முருகன் படத்தோடு கண்விழித்து, இரவில் பி.பி.சீனிவாஸின் குரலோடு உறங்கப்போகும் உங்கள் குழுக்கள் சிலவற்றில் நானும் ஓர் உறுப்பினன். முத்தியால்பேட்டையிலிருந்து ஒருவர் பாட்டு அனுப்ப, திருப்பாதிரிப்புலியூரிலிருந்து இன்னொருவர் அதே இசையமைப்பாளரின் மற்றொரு பாட்டால் பதில் சொல்ல, இடையில் நெல்லிக்குப்பத்து நண்பர், நடிகர் தங்கவேலுவின் நகைச்சுவைத் துண்டு ஒன்றை நுழைத்துவிடும் அந்தப் போட்டி, பணி ஓய்வுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த நல்ல பொழுதுகளில் ஒன்று. அந்த மகிழ்ச்சியில் குறுக்கிடும் எண்ணம் எனக்கில்லை. நீங்கள் அனுப்பும் பாட்டோடு அதை எழுதியவர் பெயரையும், நகைச்சுவையோடு அதை ஆக்கியவர் பெயரையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். அச்சகமொன்றில் மெய்ப்புத் திருத்தியே காலம் கழித்தவன் என்பதால், பெயர் விடுபட்ட இடம் என் கண்ணை உறுத்துகிறது என்று நீங்கள் சொன்னால் அதை நான் மறுக்க மாட்டேன்.

புதுச்சேரிக்காரர்களாகிய நம்மிடமிருந்தே தொடங்குகிறேன். 1951இல் வெளிவந்த ‘ஓர் இரவு’ படத்தில் எம்.எஸ்.ராஜேஸ்வரியும் வி.ஜே.வர்மாவும் பாடிய ‘துன்பம் நேர்கையில்’ நம் குழுக்களில் அடிக்கடி சுற்றிவருகிறது. அண்மையில் வந்த பதிவு ஒன்றில், அதைக் கச்சேரி மேடையில் பாடிய வித்துவானின் பெயர் இருந்தது. ராகம் தேஷ் என்ற குறிப்பும் இருந்தது. மெட்டமைத்த தண்டபாணி தேசிகரைக்கூட மறக்காமல் குறித்திருந்தார்கள். எழுதிய பாரதிதாசனை மட்டும் காணோம். கீழே ஒருவர், ‘பாரதியார் பாரதியார்தான்’ என்று கைகூப்பியிருந்தார். பெருமாள் கோயில் வீதியில் பாவேந்தரின் வீடு நினைவு இல்லமாக நிற்கும் ஊரில், அவருடைய வாழ்த்துப் பாடலைப் பாடித்தான் அரசு விழாக்களைத் தொடங்கும் ஊரில், அவருடைய பாட்டு அவருடைய ஆசானின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. பாரதியின் தாசன் என்று தாமே பெயர் வைத்துக்கொண்டவர் இதற்காக வருத்தப்பட்டிருக்க மாட்டார் என்று நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார். அவர் வருத்தப்படாமல் இருக்கலாம். நாம் வருத்தப்பட வேண்டாமா?

அவர் 1964ஆம் ஆண்டு ஏப்ரலில் மறைந்தார். அதற்கு அடுத்த ஆண்டு வெளிவந்த ‘பஞ்சவர்ணக்கிளி’யில் பி.சுசீலா பாடிய ‘தமிழுக்கும் அமுதென்று பேர்’, அதே ஆண்டின் ‘கலங்கரை விளக்க’த்தில் சுசீலாவும் சீர்காழி கோவிந்தராஜனும் பாடிய ‘சங்கே முழங்கு’, 1972இல் வந்த ‘நான் ஏன் பிறந்தேன்’ படத்தின் ‘சித்திரச் சோலைகளே’ ஆகிய மூன்றும் அவர் கவிதைகளே. திரையில் இவை ஒலித்ததைக் கேட்க அவர் இல்லை. மூன்றாவது பாட்டு நம் குழுக்களில் ‘மக்கள் திலகத்தின் தத்துவப் பாடல்’ என்னும் தலைப்போடு மட்டுமே வருகிறது. நடித்தவருக்குரிய பெருமையை யாரும் குறைக்கப்போவதில்லை. ஆனால் உழைப்பவர்களைப் பற்றிய அந்த வரிகள் அவர் உதட்டுக்கு வருவதற்கு முன்பே இந்த ஊரில் ஒருவரின் தாளில் எழுதப்பட்டுவிட்டன.

‘கலங்கரை விளக்கம்’ என்றதும் உங்களில் பலருக்கு ‘பொன்னெழில் பூத்தது புதுவானில்’ நினைவுக்கு வந்திருக்கும். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்தில் ‘கவியரசரின் காவிய வரிகள்’ என்று போட்டு, அதற்குக் கீழே கண்ணதாசன் கன்னத்தில் கைவைத்திருக்கும் படத்தையும் ஒட்டி அந்தப் பாட்டு வருகிறது. எழுதியவர் பஞ்சு அருணாசலம். கண்ணதாசனின் அண்ணன் மகனாகவும் அவருடைய உதவியாளராகவும் இருந்து, பின்னாளில் 1976இல் ‘அன்னக்கிளி’ வழியாக இளையராஜாவை நமக்குத் தந்தவர்; 2016 வரை நம்மிடையே வாழ்ந்தவர். ‘படகோட்டி’யின் கதையும் இதுவே. 1964இல் வந்த அந்தப் படத்தின் பாடல்கள் முழுவதையும் எழுதியவர் வாலி. மாசி மகத் தீர்த்தவாரிக்குச் சாமிகள் கடற்கரைக்கு வரும் தேவனாம்பட்டினம் போன்ற ஊர்களில் ‘தரைமேல் பிறக்கவைத்தான்’ பாட்டைத் தங்கள் சொந்தப் பாட்டாகவே கருதுகிற மீனவக் குடும்பங்கள் உண்டு. காவிரிக் கரையில் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த ஒருவர் கடல்மேல் போகிறவனின் மனத்துக்குள் இவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்பதே தனி வியப்பு. அந்த வியப்பை நாம் கண்ணதாசன் பெயரைப் போட்டு இழந்துவிடுகிறோம். ஆயிரக்கணக்கில் எழுதிக் குவித்த கண்ணதாசனுக்குப் பிறர் பாட்டைக் கொடுத்துத்தான் புகழ் சேர்க்க வேண்டும் என்ற நிலை ஒருநாளும் இருந்ததில்லை.

இந்தக் குழப்பத்துக்கு முழுப் பொறுப்பு நம்முடையது அன்று. அக்காலத் திரைப்படங்களின் தொடக்கத்தில் ‘பாடல்கள்’ என்ற தலைப்பின் கீழ் இரண்டு மூன்று கவிஞர்களின் பெயர்களைச் சேர்த்துக் காட்டுவார்களே தவிர, எந்தப் பாட்டை யார் எழுதினார் என்பதைத் திரையில் சொல்வது அரிது. பின்னர் ஒலிநாடாக் காலம் வந்தபோது நடிகரின் படமே அட்டையை நிறைத்தது. இன்றைக்கு யூடியூபில் ஏற்றுகிறவரும், தேடுகிறவர் நடிகர் பெயரைக் கொண்டே தேடுவார் என்று கணக்கிட்டு அந்தப் பெயரை முதலில் வைக்கிறார். போதாக்குறைக்கு, நீங்கள் பாட்டுக்குக் கீழே பொறுப்பாக எழுதிய குறிப்பு, அடுத்தவர் அதை வேறொரு குழுவுக்கு அனுப்பும்போது பல வேளைகளில் உதிர்ந்துபோகிறது. இரட்டை அம்புக்குறியோடு, பலமுறை அனுப்பப்பட்டது என்னும் அடையாளத்தைத் தாங்கி வரும் செய்தியை 2020 முதல் ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்ப முடியும் என்று வாட்ஸ்ஆப் வரையறுத்தது. அந்தக் குறியைக் கண்டால் ஒரு நொடி தயங்கிப் பெயரைச் சரிபார்ப்பதை நாமும் பழக்கமாக்கிக்கொள்ளலாம்.

ஒரு பொழுதுபோக்குக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்று கேட்பவர்கள், இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த தங்கள் இளமையைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டுகிறேன். படம், எழுதியவர், இசை, பாடியவர்கள் என்று அறிவிப்பாளர் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார்; பாட்டின் சுவை அதனால் குறைந்ததாக யாரும் அன்று முறையிட்டதில்லை. திரையரங்க வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களும் அப்படித்தான். மங்கிய தாளில், ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று கதைச்சுருக்கத்தைப் பாதியில் நிறுத்திய அந்த மெலிந்த புத்தகங்களில் பாட்டுக்கு மேலேயோ கீழேயோ கவிஞரின் பெயரைச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன். காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகக் குவியலுக்கு அடியில் இவை அவ்வப்போது அகப்படுகின்றன, கிழிந்திருந்தாலும் வாங்கிவிடுங்கள்.

நகைச்சுவையின் நிலை இதைவிட மோசம். வார இதழ்களில் வந்த துணுக்குகளைப் படமெடுத்து அனுப்புகிறவர்கள், துணுக்கு எழுதிய வாசகரின் பெயரும் ஊரும் இருக்கும் கடைசி வரியைச் சரியாக வெட்டி எறிந்துவிடுகிறார்கள். ஓவியரின் கையெழுத்து இருக்கும் மூலையும் பெரும்பாலும் அதோடு போய்விடுகிறது. தம் துணுக்கு அச்சில் வந்த அன்று அந்த இதழைத் தெரு முழுவதும் காட்டி மகிழ்ந்திருக்கக்கூடிய ஒருவருக்கு, அந்த ஒற்றை வரிதானே கிடைத்த பெரும் பரிசு? திரைப்பட நகைச்சுவையிலும் நாம் ஒருவரை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்கிறோம். 1964இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’யில் செல்லப்பாவாக வரும் நாகேஷ் தம் திகில் படத்தின் கதையைச் சொல்லும் காட்சி ‘நாகேஷ் காமெடி’ என்றே அனுப்பப்படுகிறது. அந்தக் காட்சியில் பாதிச் சிரிப்பு, கேட்டுக்கொண்டிருக்கும் பாலையாவின் முகத்தில் அல்லவா இருக்கிறது! ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் எழுதிய சொற்களுக்கு, ஏறக்குறைய சொல்லே இல்லாமல் பாலையா பதில் சொல்கிறார். அதை ஒலித்துண்டாக மட்டும் அனுப்புகிற நண்பர்களுக்குத் தனியே ஒரு மடல் எழுத வேண்டும். மனைவிமாரைப் பற்றிய துணுக்குகள் குறித்தும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அதை இங்கே இழுக்கவில்லை.

குழு நிர்வாகிகளிடம் நான் எதிர்பார்ப்பது இதுதான். பாட்டை அனுப்புகிறவர் படத்தின் பெயரையும் ஆண்டையும், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களையும் ஒரே வரியில் தரட்டும். எழுதியவர் யாரென்று தெரியாவிட்டால், ஊகித்து எழுதாமல் ‘எழுதியவர் யார்?’ என்று கேட்டுவிடட்டும். அந்தக் கேள்விக்கு வருகிற பதில்கள் பல வேளைகளில் பாட்டைவிடச் சுவையாக இருக்கின்றன. தவற்றைத் திருத்துகிறவரைப் ‘பெரிய மேதாவி’ என்று கேலிசெய்து வாயடைக்கும் வழக்கத்தை நிர்வாகிகள் அன்போடு தடுக்க வேண்டும். அதேபோல, திருத்துகிறவரும் பொதுவில் ஒருவரைக் கூசச்செய்யாமல், சான்றாகப் பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தையோ இசைத்தட்டின் முகப்பையோ படமெடுத்துப் போட்டால் போதும். சேர்ந்து இசையமைத்துவந்த விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965இல் பிரிந்துவிட்டார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டாலே, எழுபதுகளில் வந்த பாட்டுக்கு இரட்டையர் பெயரைப் போடும் தவற்றில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

ஏப்ரல் 29 பாவேந்தர் பிறந்த நாள். அன்று ஒரு நாளாவது நம் குழுக்கள் அனைத்திலும் அவருடைய பாடல்களை அவர் பெயரோடு பகிர்ந்துகொள்ளலாம் என்பது என் முதல் முன்மொழிவு. அதற்கு முன்பாக, என்னிடமுள்ள பாட்டுப் புத்தகங்களின் பட்டியலைத் தட்டச்சு செய்து எல்லாக் குழுக்களிலும் இடுகிறேன். உங்கள் வீட்டுப் பரணில் அந்தப் பட்டியலில் இல்லாதவை இருந்தால், பாடல் உள்ள பக்கங்களை மட்டும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் குழுக்களின் உறுப்பினன்,
புதுச்சேரி.