படிக்காத கவிதைக்கு எதுக்கு விருது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பத்திரிகைல மாவட்ட நிகழ்ச்சிகள் பகுதில ஒரு சின்ன அறிவிப்பு வந்திருந்துச்சு. நூறு கவிஞர்கள் சேந்து எழுதின தொகுப்பு நூல் வெளியீடு, அந்த நூறு பேருக்கும் விருது வழங்கும் விழான்னு. நூறு பேர் எழுதி நூறு பேருக்கும் விருதுன்னா அது போட்டி இல்லங்கய்யா, வியாபாரம். உங்க பத்திரிகைல வந்துச்சுன்னா எங்க ஊர்ல ஜனங்க அத நம்புவாங்க, அதனாலதான் இந்த லெட்டர்.

நான் கோவில்பட்டில டிடிபி, ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். கரிசல் பூமி, எழுதுறவங்களுக்குப் பஞ்சமே இல்லாத ஊரு. இப்ப கொஞ்ச வருஷமா கடைக்கு வர்றவங்கள்ல ஒரு கூட்டம் வாட்ஸ்அப்ல வந்த பிடிஎஃப் சர்டிபிகேட்டக் கொண்டு வந்து கலர் பிரிண்ட் எடுத்து லேமினேஷன் போட்டுத் தரச் சொல்றாங்க. கவிச்சுடர், கவிச்செம்மல், கவிமுகில்னு பட்டம் போட்டிருக்கும். வேற வேற ஆளு கொண்டு வர்ற சர்டிபிகேட்ல டிசைன் ஒண்ணா இருக்கும், பேரு மட்டும் வேற எழுத்துல ஒட்டினாப்புல இருக்கும், கையெழுத்து எங்கிருந்தோ ஸ்கேன் பண்ணி மங்கலாக் கெடக்கும். ஒருதடவ சான்றிதழ்ங்கற வார்த்தையவே தப்பா அடிச்சு அனுப்பியிருந்தாங்க. கவிதைக்குப் பட்டம் குடுக்குறவங்க ஒரு வார்த்தையக்கூட சரிபாக்கலயேன்னு எனக்கு மனசு கேக்கல, ஆனா வாங்கிட்டு வந்த பிள்ளையோட முகத்துல இருந்த சந்தோஷத்தப் பாத்து அப்ப ஒண்ணும் சொல்ல முடியல.

இது எப்படி நடக்குதுன்னு உங்க வாசகர்களுக்குத் தெரியணும். ஃபேஸ்புக்லயோ வாட்ஸ்அப் குரூப்லயோ மாபெரும் கவிதைப் போட்டின்னு ஒரு போஸ்டர் வரும். தலைப்பு அம்மா, அப்பா, இல்லன்னா கலாம் ஐயா. 16 வரிக்கு மிகாம எழுதணும், கலந்துக்கிற எல்லாருக்கும் சான்றிதழ் உண்டு. அனுப்பின ரெண்டாவது நாளே உங்க கவிதை தேர்வாகிடுச்சுன்னு மெசேஜ் வந்துடும். அதுக்கப்புறந்தான் பணப் பேச்சே வரும், தொகுப்புல இடம்பெற இவ்வளவு, ஷீல்டு வேணும்னா இவ்வளவு, மேடைல பொன்னாடை போத்தி போட்டோ எடுத்துக்கணும்னா இன்னும் இவ்வளவு, குடும்பத்தோட வந்தா சாப்பாட்டுக்குத் தனி, எல்லாம் ஜிபேல அனுப்பிட்டு ஸ்கிரீன்ஷாட் போடுங்கன்னு. யாரு நடுவர், என்னத்த வெச்சு தேர்ந்தெடுத்தாங்க, எத்தன கவிதைய வேண்டாம்னு சொன்னாங்கன்னு ஒரு வரிகூட இருக்காது.

கணக்கு சொல்றேன், இது என் தொழிலு. ஆளுக்கு 600 ரூபாய்னு நூறு பேர்ட்ட வாங்கினா 60,000. டெமி சைஸ்ல 120 பக்கம், கலர் அட்டை, 150 காப்பி அடிச்சா சுமாரா 15,000க்குள்ள முடிச்சுடலாம். மிச்சத்துல மண்டப வாடகை, ஷீல்டு போக கையில நிக்கிறதுதான் லாபம், அதுவும் போக எழுதினவங்களே சொந்தக்காரங்களுக்குக் குடுக்க அஞ்சு பத்து காப்பி காசு குடுத்து வாங்குவாங்க. அந்தப் புத்தகம் எந்தக் கடைக்கும் போகாது. போக வேண்டிய அவசியமும் இல்ல, ஏன்னா வாங்க வேண்டியவங்க எல்லாம் ஏற்கனவே உள்ள எழுதியிருக்கவங்கதான்.

இதுல ஐஎஸ்பிஎன் எண்ணுடன் கூடிய நூல்னு பெரிய எழுத்துல போட்டு அதுக்கும் சேத்து வசூல் பண்றாங்க. நம்ம நாட்டுல அந்த எண்ணக் குடுக்குறது மத்திய கல்வி அமைச்சகத்துக்குக் கீழ இருக்குற ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஏஜென்சி, பதிப்பாளர் பேருலயும் வாங்கலாம், எழுத்தாளர் தன் பேருலயும் வாங்கலாம், அதுக்குக் கட்டணமே கிடையாது. அந்த எண் புத்தகத்த அடையாளம் காட்டுறதுக்குத்தான், புத்தகம் நல்லாருக்குன்னு யாரும் சொன்னதா அதுக்கு அர்த்தம் இல்ல. அதே மாதிரி, அனுப்பும் கவிதையின் உரிமை எங்களுக்கேன்னு போஸ்டர்ல ஒரு வரி போட்டுட்டு எழுதினவங்களப் பயமுறுத்துறாங்க, வேற எங்கயும் போடக்கூடாதுன்னு. 1957 பதிப்புரிமைச் சட்டம் 19வது பிரிவுல தெளிவாவே இருக்கு, எழுதினவங்க எழுத்து மூலமா கையெழுத்துப் போட்டுக் குடுத்தாத்தான் உரிமை கைமாறும். எழுதி முடிச்ச நிமிஷமே உரிமை உங்களுது, பதிவுகூட பண்ண வேண்டியதில்ல. இத நான் கடைக்கு வர்ற எல்லார்ட்டயும் சொல்லிட்டு இருக்கேன்.

எனக்கு ரொம்ப வலிச்சது ஒரு தங்கச்சி விஷயத்துல. தீப்பெட்டி ஆபீஸ்ல, அதாவது தீப்பெட்டி செய்யுற தொழிற்சாலைல வேலை பாக்குது, பேரு வேண்டாம். ராத்திரி வீட்டுக்குப் போய் எவ்வளவு கழுவினாலும் விரல்ல தீக்குச்சி மருந்து வாசம் போகல, அதனால பிள்ளைக்கு ஸ்பூன்ல சோறு ஊட்டுறேன், பிள்ளை கையைப் பிடிச்சு இழுக்குதுன்னு ஒரு கவிதை எழுதியிருந்துச்சு. நான் நோட்டுல இருந்து டைப் பண்ணும்போதே கை நின்னு போச்சு. அத ஒரு தொகுப்புக்கு அனுப்பி, காசும் கட்டி, ஒருநாள் சம்பளத்தையும் விட்டுட்டு மேடைல போய் ஷீல்டு வாங்கிட்டு வந்துச்சு. புத்தகத்தத் தொறந்து பாத்தா கடைசி நாலு வரி இல்ல, பிள்ளை கையைப் பிடிச்சு இழுக்குற எடமே இல்ல. ஆளுக்கு ஒரு பக்கம்னு லேஅவுட் போட்டிருக்காங்க, பக்கம் முடிஞ்ச எடத்துல கவிதையும் முடிஞ்சிருச்சு. லேஅவுட் பண்ணவரும் படிக்கல, தொகுப்பாசிரியர்னு அட்டைல போட்டோவோட நிக்கிறவரும் படிக்கல, வெளியிட்டுப் பேசினவரும் படிக்கல. அந்தத் தங்கச்சி போன் பண்ணிக் கேட்டதுக்கு அடுத்த தொகுப்புல முழுசா போட்டுடலாம்மா, கட்டணம் மட்டும் அனுப்பிருங்கன்னு பதில் வந்திருக்கு.

அமெரிக்காவுல இது பழைய கதை. மேரிலாண்ட் மாநிலத்துல ஓவிங்ஸ் மில்ஸ்ங்கற ஊர்ல 1982ல ஆரம்பிச்ச ஒரு கம்பெனி, நேஷனல் லைப்ரரி ஆஃப் பொயட்ரின்னு பேரு, அப்புறம் இன்டர்நேஷனல் லைப்ரரி ஆஃப் பொயட்ரின்னு பேர மாத்திக்கிட்டாங்க. கவிதை அனுப்ப காசு கிடையாது, அனுப்பினவங்க எல்லாரும் அரையிறுதிக்கு வந்தாச்சுன்னு லெட்டர் போகும், அப்புறம் உங்க கவிதை வர்ற தொகுப்பு சுமார் 50 டாலர், உங்களப் பத்தி நாலு வரி போட தனிக் காசு, மாநாட்டுக்கு வர நூத்துக்கணக்கான டாலர். சந்தேகப்பட்ட ஒருத்தர் வெர்கிள் ஃப்ளாம்ப்னு பொய்ப் பேர்ல, வேணும்னே அர்த்தமே இல்லாத உளறல அனுப்பினார், அதுவும் தேர்வாச்சு. இப்ப அந்தப் பேர்லயே வின்னிங் ரைட்டர்ஸ்னு ஒரு அமைப்பு கட்டணம் இல்லாம வருஷா வருஷம் நகைச்சுவைக் கவிதைப் போட்டி நடத்துது. ஏமாத்துற வழிமுறை அங்கயும் இங்கயும் ஒண்ணுதான். இங்க கூடுதலா பட்டமும் சேருது, டாக்டர் பட்டம் வரைக்கும் போயாச்சு. 2023 பிப்ரவரில அண்ணா பல்கலைக்கழக அரங்கத்த வாடகைக்கு எடுத்து ஒரு தனியார் அமைப்பு சினிமாக்காரங்களுக்கெல்லாம் போலி கௌரவ டாக்டர் பட்டம் குடுத்து, பல்கலைக்கழகமே போலீஸ்ல புகார் குடுத்த கதை உங்க பத்திரிகைலயும் வந்திருக்கும். நாலும் தெரிஞ்ச ஆட்களையே அப்படி ஏமாத்த முடியும்னா தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளை எம்மாத்திரம்.

பாவம், அதுல அவங்களுக்கு ஒரு சந்தோஷம், உனக்கென்னன்னு என்கிட்டயே சிலபேர் கேக்குறாங்க. நண்பர்கள் நாலு பேர் சேந்து செலவப் பங்கு போட்டு, பங்குன்னு வெளிப்படையாச் சொல்லி புத்தகம் போட்டா அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அந்த வேலைய நானே எத்தனையோ பேருக்கு சந்தோஷமா பண்ணிக் குடுத்திருக்கேன். ஆனா உன் கவிதை ஜெயிச்சிருச்சுன்னு சொல்லி வாங்குற காசு வேற. ஜெயிச்சிட்டோம்னு நம்புற பிள்ளை அதுக்கப்புறம் திருத்தி எழுதாது. எந்த வரி நிக்குது, எந்த வரி தளருதுன்னு சொல்ல ஆள் இல்லாமலே அடுத்த கவிதைய எழுதும், அடுத்த பட்டத்த வாங்கும். 'எழுத்து' பத்திரிகைய 1959ல ஆரம்பிச்ச சி.சு.செல்லப்பா அதுல வந்த புதுக்கவிதைகள்ல இருந்து 24 பேரோட 63 கவிதைய மட்டும் பொறுக்கி எடுத்து 1962ல 'புதுக்குரல்கள்'னு ஒரு தொகுப்பு போட்டார். புத்தகங்கள மூட்டையா சுமந்துட்டு காலேஜ் காலேஜா போய் வித்த மனுஷன் அவர். மத்தவங்க கவிதைய உக்காந்து படிச்சு, இது வேணும் இது வேண்டாம்னு முடிவெடுத்து, தன் கைக்காசப் போட்டுத் தொகுத்தவங்க இருந்த மொழி இது.

காசு கேக்காத எடங்களும் இருக்கத்தான் செய்யுது. தமிழ் வளர்ச்சித் துறை பதினொண்ணு, பன்னெண்டு படிக்கிற பிள்ளைங்களுக்கும் காலேஜ் பிள்ளைங்களுக்கும் மாவட்ட அளவுல கவிதைப் போட்டி வெச்சு 10,000, 7,000, 5,000னு பரிசு குடுக்குது. சாகித்ய அகாதமி 2011ல இருந்து 35 வயசுக்குள்ள இருக்கவங்களுக்கு யுவ புரஸ்கார்ங்கற இளம் எழுத்தாளர் விருது குடுக்குது, 50,000 ரூபாய். இதப் பத்தின அறிவிப்பு எங்க ஊர் பிள்ளைங்க கண்ணுல படுறதே இல்ல, வாட்ஸ்அப் போஸ்டர்தான் படுது.

உங்ககிட்ட நான் கேக்குறது ரெண்டு விஷயம். இந்த மாதிரி விழா அறிவிப்பு வந்தா போடுறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு, கலந்துக்கிட்டவங்ககிட்ட காசு வாங்கினீங்களா, நடுவர் யாரு, எத்தன கவிதை வந்து எத்தனைய எடுத்தீங்கன்னு கேளுங்க. பதில் சொல்லலன்னா போடாதீங்க. இன்னொண்ணு, உங்க ஞாயிறு இணைப்புல முன்னாடி வாசகர் கவிதைப் பக்கம் இருந்துச்சே, அத மறுபடி கொண்டு வாங்க, பிரசுரம் ஆகாத கவிதைக்கும் ஏன் ஆகலன்னு ரெண்டு வரி எழுதுங்க, நூறு பேருக்கு முடியாட்டி வாரம் மூணு பேருக்காவது.

அந்தத் தங்கச்சிகிட்ட கேட்டுட்டு, வெட்டுப்படாத முழுக் கவிதைய இந்த லெட்டரோட இணைச்சிருக்கேன், அது விலாசமும் பின்னாடி இருக்கு. போடுறதும் போடாததும் உங்க முடிவு. எதுவா இருந்தாலும் படிச்சிட்டு அந்தத் தங்கச்சிக்கே நேரா ஒரு பதில் எழுதுங்க, எங்க நல்லாருக்கு, எங்க இன்னும் வேலை இருக்குன்னு.

இப்படிக்கு,
டிடிபி கடைக்காரர்,
கோவில்பட்டி.