மஞ்சள் அடிக்கும் முன்பே பாருங்கள்

ஐயா,

மே மாதம் பள்ளிப் பேருந்துகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் சோதிக்கும் படம் ஆண்டுதோறும் உங்கள் நாளிதழில் வருகிறது. அப்படி நிற்கும் வண்டிகளில் சில, அதற்கு முந்தின வாரம் எங்கள் பட்டறையில் நின்றவை, அதனால்தான் எழுதுகிறேன். கரூரில் 20 வருடமாக டிங்கர் வேலை, அதாவது வண்டியின் தகடு தட்டி நிமிர்த்தும் வேலை, பார்க்கிறேன்.

"நாலு நாள்ல வேணும், பளபளன்னு இருக்கணும்" என்று சொல்லித்தான் வண்டியை விடுவார்கள். போன வருடம் வந்த ஒரு பஸ்ஸில் பின்சக்கரத்துக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினேன். பெயின்ட் தோல் மாதிரி உள்ளே போனது, பின்னாலிருந்து துரு பொடியாகக் கொட்டியது. காந்தத்தை வைத்தால் ஒரு சாண் அகலத்துக்கு ஒட்டவே இல்லை. முன்பு யாரோ தகடு மாற்றாமல் வெறும் பட்டியை (பூசினால் காய்ந்து இறுகும் பசை) அப்பி, மேலே மஞ்சள் அடித்திருக்கிறார்கள். தட்டி நிமிர்த்திய தகட்டில் மிச்சமிருக்கும் சின்ன மேடுபள்ளத்தை நிரவத்தான் பட்டி, ஓட்டையை அடைக்க இல்லை. கனமாகப் பூசினால் வண்டி குலுங்குகிற குலுங்கலில் விரிசல் விடும், மழைத்தண்ணீர் அதில் இறங்கும், அப்புறம் வெளியே எதுவும் தெரியாமல் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும்.

துருப்பிடித்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, உள்பக்கமும் அடிப்பூச்சான பிரைமர் அடித்து, பட்டியை மெல்லிசாக இழுத்து, காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி பிரைமர் அடித்து அதற்குப் பிறகுதான் மஞ்சளுக்கு வர வேண்டும். நாலு நாளில் நடக்காது. அதைச் சொன்னேன், அந்த வண்டி வேறு பட்டறைக்குப் போய்விட்டது.

2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தாளே, அதற்குப் பிறகுதான் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழக அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. தரை என்றாலும் பக்கத் தகடு என்றாலும் தரைவிரிப்புக்கும் பெயின்ட்டுக்கும் அடியில் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். பெயின்ட் அடித்த பிறகு வந்து பார்த்தால் எனக்கே தெரியாது, ஆய்வாளருக்கு எப்படித் தெரியும்? அதிகாரிகளே, தகடு வேலை முடிந்து பிரைமரோடு நிற்கும்போது ஒருமுறை பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அது முடியாவிட்டால் தரைவிரிப்பைத் தூக்கச் சொல்லுங்கள், கையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோரும் பிள்ளையை ஏற்றிவிடும்போது படிக்கட்டின் அடிப்பக்கம் குனிந்து பாருங்கள். அங்கே பெயின்ட் கொப்பளித்திருந்தால் உள்ளே துரு ஏறிவிட்டது, பள்ளியில் போய்க் கேளுங்கள்.

— டிங்கர் ஒருவர், கரூர்