கார்டில் பேர் இல்லாத கோர்கள்

மதுரை
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. திட்டாதே. வைகாசி முகூர்த்தம் முழுக்க ஆல்பம், வீடியோ என்று ஸ்டுடியோவிலேயே கிடந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் மாடியேறி வந்து என்னைச் சாப்பிடக் கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உன் கம்ப்யூட்டரின் பிராசசர் சிப் ரைசன் 5 3600. அதற்கு 6 கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் ஆறு பகுதிகள். ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் ரெண்டு வேலையைப் பார்ப்பதால் 12 த்ரெட். விண்டோஸ் 4, 8 என்று காட்டுகிறது, விண்டோஸை மறுபடி போட்டும் மாறவில்லை என்கிறாய். மாறாது. போன வருஷம் இதே கூத்தை நானும் ஆடினேன்.

ஸ்டுடியோவுக்கு ஒரு பழைய பெட்டி வாங்கினேன். சிப் ஐ5 4570, நாலு கோர். கல்யாண வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு டீ குடித்து, பேப்பர் படித்துத் திரும்பி வந்தாலும் பாதியில் நிற்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 'கோர்ஸ்: 2'. வேறு சிப்பைச் சொருகி ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஆனால் பெயர் மட்டும் சரியாக 4570 என்று இருந்தது.

முதலில் விண்டோஸ் எப்படித் தொடங்க வேண்டும் என்று அமைக்கும் எம்எஸ்கான்ஃபிக்கைப் பார்த்தேன். பூட் டேபில் அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸுக்குள் 'நம்பர் ஆஃப் பிராசசர்ஸ்' என்று ஒரு டிக் இருக்கும். அதைப் போட்டால் கம்ப்யூட்டர் பறக்கும் என்று யாரோ கிளப்பிவிட்ட புரளி இன்னும் சுற்றுகிறது. இத்தனை கோருக்கு மேல் தொடாதே என்று விண்டோஸைக் கட்டிப்போடுவதுதான் அதன் வேலை. என்னுடையதில் டிக் இல்லை. அப்புறம் பென்டிரைவில் லினக்ஸ் ஏற்றி, அதிலிருந்தே பூட் செய்து, டெர்மினலில் எத்தனை கோர் என்று சொல்லும் 'என்ப்ராக்' கட்டளையை அடித்தேன். அதுவும் 2 என்றது. அங்கேதான் விளங்கியது. ரெண்டு சிஸ்டமும் ஒரே பொய்யைச் சொல்லாது. கோளாறு அதற்கும் கீழே, பவர் போட்டதும் முதலில் ஓடுகிற, போர்டிலேயே இருக்கும் பயாஸில்.

விண்டோஸோ லினக்ஸோ சிப்பைத் துழாவிக் கோர்களை எண்ணுவதில்லை. பவர் போட்டதும் இன்னின்ன கோர் இருக்கிறது என்று பயாஸ் ஏசிபிஐ அட்டவணையில் எழுதி வைக்கிறது, இவை அதைப் படித்துக்கொள்கின்றன. ரேஷன் கார்டு மாதிரி. வீட்டில் நாலு பேர் உட்கார்ந்திருந்தாலும் கார்டில் ரெண்டு பேர் என்றால் ரெண்டு பேருக்குத்தான் அரிசி.

டெலிட் கீயைத் தட்டி உள்ளே போனேன். அட்வான்ஸ்ட், சிபியு கான்ஃபிகரேஷன், 'ஆக்டிவ் பிராசசர் கோர்ஸ்'. 2 என்று இருந்தது. 'ஆல்' ஆக்கி எஃப்10 அடித்தேன். நாலும் வந்துவிட்டது.

அந்தக் குஷி அரைமணி நேரம்தான். எக்ஸ்போர்ட் போட்டதும் ஃபேன் அலற ஆரம்பித்தது, சூடு 98 டிகிரி. மூடியைக் கழற்றிப் பார்த்தால் கூலரின் நாலு பிளாஸ்டிக் காலில் ஒன்று போர்டில் பூட்டவேயில்லை. சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்து கிடந்தது. எனக்கு முன்னால் இதை ரிப்பேர் பார்த்த யாரோ, சூட்டைச் சரிசெய்யச் சோம்பல்பட்டு ரெண்டு கோரை அணைத்து வைத்திருக்கிறார். சூடும் குறைந்திருக்கும், புகாரும் நின்றிருக்கும். கெட்டிக்காரர்தான்! காலைப் பூட்டிப் பேஸ்ட் மாற்றியபின் 70-ஐச் சுற்றி நிற்கிறது. 40 நிமிஷ வேலை 23 நிமிஷத்தில் முடிகிறது. ஏன் பாதியாகவில்லை என்று கேட்காதே, ஹார்ட் டிஸ்க்கும் தன் பங்கு நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

உன் போர்டில் இதற்கு 'டவுன்கோர் கன்ட்ரோல்' என்று பெயர் இருக்கலாம். எந்த மெனுவில் ஒளித்திருக்கிறார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உன் சிப்பில் கோர்கள் மூன்று மூன்றாக ரெண்டு கூட்டம். 4 என்று காட்டுவதால் அங்கே 2+2 என்று இருக்கும். ஆட்டோவுக்கு மாற்றியும் பலனில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ ரீஸ்டார்ட் மட்டும் கொடுத்திருப்பாய். குறைத்த கோரைத் திரும்பக் கூட்ட அது போதாது, பவரே அறுபட வேண்டும். பல போர்டுகளில் அந்த வரிக்குப் பக்கத்திலேயே இதை எழுதியிருப்பார்கள், நாம்தான் படிப்பதில்லை. ஆட்டோ வைத்து சேவ் செய், ஷட்டவுன் கொடு, பிளக்கைப் பிடுங்கு, ஒரு நிமிஷம் கழித்துப் போடு. ஒரு கோரை ரெண்டு த்ரெட்டாக ஓடவிடும் எஸ்எம்டி ஆன் ஆகவே இருக்கட்டும். அதை அணைத்தால் 6 கோர் வந்தாலும் த்ரெட் 12 வராது.

பயாஸ் அப்டேட் என்று இறங்கிவிடாதே. உன் போர்டு சிப்பை 3600 என்றே அடையாளம் காண்கிறது, அது போதும். உங்கள் ஊர் கரண்ட் பாதியில் போனால் போர்டே போய்விடும்.

நீயும் பெட்டியைப் பழையதாகத்தான் வாங்கினாய். 6 வந்ததும் ஒரு வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டு எத்தனை டிகிரி ஏறுகிறது என்று எழுது. 90-ஐத் தாண்டினால் வேலையை நிறுத்திப் பெட்டியை அப்படியே விட்டுவிடு. ஆடியில் எனக்குக் கல்யாண வேலை இருக்காது, பேஸ்ட் டியூபோடு வருகிறேன். தங்கச்சியிடம் கருவாட்டுக் குழம்புக்கு இப்போதே சொல்லி வை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்