காரின் பிளக் வயரை நானே பூட்டியதால் உத்தரவாதம் இல்லை என்ற உங்கள் பதில் பற்றிய முறைப்பாடு

காரைநகர்,
யாழ்ப்பாணம்.
2025 ஜனவரி

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர்,
தலைமை அலுவலகம்,
கொழும்பு.

ஐயா,

கடந்த நவம்பர் தொடக்கத்தில் உங்கள் யாழ்ப்பாணக் கிளையில் கொரோலா 110 காருக்கு ஒரு பிளக் வயர் செற் (எஞ்சினுக்குள் பெற்றோலைப் பற்றவைக்கும் பிளக்குகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் நாலு வயர்கள்) வாங்கினேன். பெட்டியில் 12 மாத உத்தரவாதம் என்று அச்சடித்திருக்கிறது. டிசம்பர் நடுப்பகுதிக்குள் நாலாவது சிலிண்டருக்குப் போகும் வயர் பழுதாகிவிட்டது. கிளைக்குக் கொண்டுபோனேன். "எங்கட கராஜில பூட்டியிருந்தால்தான் உத்தரவாதம் அண்ணை, நீங்களே பூட்டினதுக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று திருப்பிவிட்டார்கள். அப்படி ஒரு நிபந்தனை பெட்டியிலும் இல்லை, பற்றுச்சீட்டிலும் இல்லை. இரண்டின் படத்தையும் இக்கடிதத்தோடு இணைத்திருக்கிறேன்.

காசு மட்டும்தான் பிரச்சினை என்றால் இதோடு முடித்திருப்பேன். ஆனால் உங்கள் கிளைப் பொறுப்பாளர் அன்று இன்னொன்றும் சொன்னார். "பழைய வயர் ஓடிக்கொண்டுதானே இருந்தது, ஏன் மாத்தினீங்கள்? மிஸ் பண்ணத் தொடங்கினாப் பிறகு கொண்டுவாங்கோ, மாத்த வேணுமோ இல்லையோ எண்டு நாங்கள் சொல்லுவம்." மிஸ் பண்ணுவது என்றால் ஒரு சிலிண்டரில் பெற்றோல் பற்றாமல் எஞ்சின் குலுங்குவது. உதிரிப்பாகம் விற்கிற கொம்பனி ஒன்று இதைச் சொல்லக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

என் கார் வாடகைக்கு ஓடுவது. காரைநகரிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் போகிறவர்கள்தான் கூடுதலாக ஏறுவார்கள். விடியப்புறம் வெளிக்கிட வேண்டும். பொன்னாலைப் பாலத்தில் மழைக்குள் கார் நின்றால் இரண்டு பக்கமும் தண்ணீர், ஒதுங்க ஒரு கூரை கிடையாது. பின் சீற்றில் சலரோகமும் பிரஷரும் உள்ள ஒரு வயதான அம்மா சாப்பிடாமல் இருப்பார், இரத்தம் எடுக்க வேண்டும் என்பதால். மிஸ் பண்ணும்வரை பார்த்துக்கொண்டிரு என்றால், அந்த அம்மா பாலத்தில் இருக்கும்வரை பார்த்துக்கொண்டிரு என்றுதான் அர்த்தம்.

அதனால் ஒவ்வொரு வருடமும் மாரி தொடங்குமுன் பிளக் வயர்களை நானே பார்ப்பேன். இது பெரிய வித்தை இல்லை. முதலில் கண்ணால் பார்ப்பது. என் காரிலுள்ள 5ஏ-எஃப்இ எஞ்சினில் பிளக்குகள் மேல் மூடியின் நடுவே ஆழமான குழிகளுக்குள் இருக்கின்றன. வால்வ் கவர் சீல் கசிந்தால் அந்தக் குழிக்குள் ஒயில் இறங்கி, வயரின் றப்பர்த் தலை ஊறிப் பொதபொதத்துவிடும். ஒயில் இல்லாவிட்டால் சூட்டிலேயே காய்ந்து விறைத்து, விரலால் மடக்கினால் மயிரிழை வெடிப்புகள் தெரியும். அடுத்தது இருட்டில் பார்ப்பது. எஞ்சினை ஓடவிட்டு, பொனற்றைத் திறந்து, ஸ்பிறே போத்தலால் வயர்களின் மேல் தண்ணீரைப் புகைபோலத் தூவினால், எங்காவது உறை கசிந்திருந்தால் நீல நிறத்தில் மினுங்கும், எஞ்சின் ஓட்டமும் அந்த நேரம் தளும்பும். அதில் ஓடுவது 20,000 வோல்ற்றும் அதற்கு மேலும் என்பதால் கையை எட்டவே வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம், மல்ரிமீற்றரால் வயரின் மின்தடையை அளப்பது. வயருக்குள் செம்புக் கம்பி இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். சாதாரணக் கார் வயரில் இருப்பது கண்ணாடி நூலில் கரி ஏற்றிய ஒரு திரி. றேடியோவில் இரைச்சல் வராமலிருக்க வேண்டுமென்றே மின்சாரத்தை மட்டுப்படுத்தும் தடையோடு செய்கிறார்கள். சூட்டிலும் அதிர்விலும் வருடங்கள் போகப் போக அந்தத் திரி நொய்ந்து தடை ஏறும். இந்த எஞ்சினுக்கு ரொயோட்டாவின் வேர்க்‌ஷொப் புத்தகம் ஒரு வயருக்கு ஆகக்கூடியது 25 கிலோ ஓம் (தடையை அளக்கும் அலகு) என்று எல்லை போட்டிருக்கிறது. ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ரிபியூட்டர் நாலாவது சிலிண்டர்ப் பக்கம் இருப்பதால் முதலாவது வயர்தான் நீளம், அதற்குத்தான் தடை கூட இருக்க வேண்டும், நாலாவதற்குக் குறைய. இந்த ஒழுங்கு குழம்பினாலே ஏதோ பிழை என்று தெரிந்துவிடும்.

என் பழைய செற்றில் முதலாவது 15 கிலோ ஓம் காட்டியது. அதைவிடக் கட்டையான மூன்றாவது 23 காட்டியது, மெதுவாக வளைத்தால் 40ஐத் தாண்டி ஓடியது. எல்லைக்கு உள்ளேதானே 23 என்று ஒருவர் சொல்லலாம். வளைக்கும்போது எண் ஆடுகிறதென்றால் உள்ளே திரி அறுந்துகொண்டிருக்கிறது, அதோடு மாரிக்குள் போக முடியாது. அந்த முடிவை எடுத்தவன் நான். இன்றைக்கும் அதே அளவு வந்தால் அதே முடிவைத்தான் எடுப்பேன்.

தடை ஏறினதும் கார் நின்றுவிடாது, அதுதான் இதிலுள்ள ஏமாற்று. பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை உண்டாக்கும் கொயில், கூடுதல் வோல்ற்றேஜ் எழுப்பி ஈடுகட்டிக்கொண்டு ஓடும். அப்படி ஓடும் காலத்தில்தான் கொயிலும் டிஸ்ரிபியூட்டர் மூடியும் அடிவாங்குகின்றன. அப்புறம் மிஸ் பண்ணத் தொடங்கினால் எரியாத பெற்றோல் சைலன்சர்ப் பக்கம் போய் அங்கே எரியும். புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் உள்ளே உருகிப்போவது அப்படித்தான். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் அட்டையைக் காட்டிக் காருக்கு வாரம் 20 லீற்றர் வாங்கின எங்களுக்கு, எரியாமல் வெளியே போகிற பெற்றோலின் பெறுமதி நன்றாகத் தெரியும். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு ஒரு பழைய கொரோலா விற்கிற விலையும் தெரியும். இந்தக் காரைக் கெடவிட்டு இன்னொன்று வாங்க என்னால் முடியாது.

சரி, உங்கள் வயருக்கு வருவோம். ஒன்றைக் கழற்றி ஒன்றைப் பூட்டி, மாறிப்போகாமல்தான் நாலையும் மாற்றினேன். பூட்டுமுன் அளந்தபோது எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. நவம்பர் கடைசியில் யாழ்ப்பாணத்தையே வெள்ளம் மூடிய மழையிலும் கார் ஓடியது. டிசம்பரில், மழை விட்டு வெயில் எறித்த ஒரு நாள், ஐட்லிங்கில் எஞ்சின் குலுங்கத் தொடங்கியது. ஒவ்வொரு வயராகப் பார்த்தபோது நாலாவதில் பிடிபட்டது. எல்லாவற்றிலும் கட்டையான அந்த வயர் 31 கிலோ ஓம் காட்டியது. டிஸ்ரிபியூட்டர்ப் பக்கத் தலையைச் சற்று அசைத்தால் மீற்றரில் ஒன்றுமே இல்லை, தொடர்பே அறுந்துவிடுகிறது.

எங்கள் ஊர்க் கராஜ்காரரை முன்னால் வைத்துக்கொண்டு அந்தத் தலையின் றப்பரை மெல்லப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தோம். கரித்திரியை வெளியே எடுத்து, பின்னோக்கி மடித்து, அதன்மேல் பித்தளை முனையை நெரித்துப் பிடிக்கச் செய்திருக்க வேண்டும். உங்கள் வயரில் திரி மடிக்கப்படவேயில்லை. வெட்டின முனை அப்படியே நிற்கிறது, ஒரு ஓரத்தில் மட்டும் பித்தளையைத் தொட்டபடி, மற்றப் பக்கம் ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் பொறி பாய்ந்து பாய்ந்து திரியின் நுனி எரிந்து, சாம்பல் நிறத்தில் பொடிந்து கிடக்கிறது. பித்தளையின் உட்புறம் பச்சையும் கறுப்புமாகக் கருகியிருக்கிறது. புதிதில் அளவு சரியாக இருந்ததும் பிறகு ஏறினதும் இதனால்தான். படத்தில் தெளிவாகத் தெரியும்.

கிளையில் இதைக் காட்டியபோது மூன்று காரணம் சொன்னார்கள். வயரைப் பிடித்து இழுத்திருப்பீர்கள் என்றார்கள். இழுத்து அறுந்த திரிக்கு நூல் நூலாகப் பிய்ந்த நுனி இருக்கும். இது கத்தியால் வெட்டின நேர் முனை, ஒரு ஓரத்தில் இன்னும் எரியாமல் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். உங்கள் பக்கம் உப்புக்காற்று, அதுதான் வயரைத் தின்றிருக்கும் என்றார்கள். உப்பீரம் உறையின் வெளிப்புறத்தில்தான் மின்சாரத்துக்கு வழி விடும். வெளிப்புறம் பழுது என்றால் இருட்டில் மினுங்கியிருக்கும், இந்த வயர் மினுங்கவில்லை. காய்ந்த வயரை வெயிலில் வைத்து அளந்த தடைக்கும் வாடைக்காற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. குடாநாட்டுக்குள் கிளை திறந்தவர்களுக்கு இங்கே சுற்றிவரக் கடல் என்பது வயரை விற்கும்போதும் தெரிந்துதானே இருந்தது?

மூன்றாவது காரணம்தான் முதலில் சொன்னது, நானே பூட்டினேன் என்பது. இதைக் கேட்டு எனக்கு உண்மையாகவே மனம் நொந்தது. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது இங்கே பெற்றோலும் இல்லை, பார்ட்ஸும் இல்லை. மொறிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் பிளக்கில் கரி படியும். பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டுவது எங்கள் அப்பாவுக்கு அன்றாட வேலை. வருத்தக்காரரையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோன கார்கள் அவை. அந்த ஊர் ஆளைப் பார்த்து, உன் காரின் பிளக் வயரில் கைவைக்க உனக்கு உரிமை இல்லை என்று ஒரு கொம்பனி சொல்லலாமா? அதுவும் ஸ்பானர்கூடத் தேவைப்படாத, றப்பர்த் தலையைத் திருகிக் கழற்றி அழுத்திப் பூட்டுகிற ஒரு வேலைக்கு?

உங்களிடம் நான் எதிர்பார்ப்பவை அதிகமில்லை. இந்தச் செற்றுக்குப் பதிலாக வேறு செற், அல்லது கொடுத்த காசு. ஒரு வயரை மட்டும் மாற்றித்தருகிறோம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன், மற்ற மூன்றும் எப்படி நெரிக்கப்பட்டிருக்கின்றன என்று உங்களாலும் சொல்ல முடியாது. அதே பெட்டிகள் கிளைத் தட்டில் இன்னும் இருக்கின்றன, அவற்றைப் பரிசோதிக்காமல் விற்க வேண்டாம். இதைக் கட்டாயம் செய்யுங்கள், ஏனென்றால் அடுத்ததாக வாங்குகிறவரிடம் மல்ரிமீற்றர் இருக்குமோ தெரியாது.

இனிமேல் பெட்டியில் ஒவ்வொரு வயரின் நீளமும், புதிதில் இருக்க வேண்டிய தடையும், தயாரித்த மாதமும் அச்சடியுங்கள். இப்போது இருப்பதெல்லாம் ஒரு காரின் படமும் ‘உயர்தரம்’ என்ற சொல்லும்தான். இத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்று கிளைச் சுவரில் ஒட்டியிருப்பது மட்டும் காணாது. கிட்டக் கிட்ட ஓடி நின்று, சூடேறி ஆறுகிற வாடகைக் காருக்கு கிலோமீற்றர்க் கணக்கு ஒத்துவராது. அளவு தெரிந்தால் வாங்குகிறவனே பார்த்து முடிவெடுப்பான். வயரை நீங்கள் கூடுதலாக விற்கவும் கூடும், குறைவாக விற்கவும் கூடும், ஆனால் தேவைப்பட்டவனுக்கு விற்பீர்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம், வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். எனக்கு அந்தத் தவணை பெப்ரவரி தொடக்கத்தில் முடிகிறது. அதற்கு ஒரு கிழமை முன்னராவது உங்கள் பதில் எழுத்தில் கிடைக்க வேண்டும். தொலைபேசியில் சொல்வதை ஏற்கமாட்டேன்.

பழுதான வயரைக் கிளையில் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள், விடவில்லை. அது என்னிடம் இருக்கிறது. பரிசோதிக்க வேண்டுமென்றால் உங்கள் மெக்கானிக்கை அனுப்புங்கள், அவர் முன்னால் அளந்து காட்டுகிறேன். கொண்டுபோவதானால் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிட்டு, முத்திரை குத்தி ஒரு துண்டு தர வேண்டும்.

இங்ஙனம்,
உங்கள் வாடிக்கையாளர்
(ஒப்பம்)

இணைப்பு: பற்றுச்சீட்டுப் பிரதி, பெட்டியின் படம், நாலாவது வயர் முனையின் படங்கள்.