பிரெவின் மாலை நிகழ்ச்சிக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ளவர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமை ராத்திரி ஹாலைப் பூட்டிச் சாவியைக் கொடுக்கும்போது மணி பத்தேகால். அதற்கப்புறம் தொண்டை கட்டிக்கொண்டது. அதனால் இந்த மடல் மூன்று நாள் தாமதம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிற ஆள் எதற்கு ஆந்த்ரே பிரெவின் என்ற ஜாஸ் பியானோக்காரருக்காக மூன்று மணி நேரம் ஹால் எடுக்கிறான் என்று லண்டன் ஈஸ்ட் ஹாமில் பாதிப் பேர் கேட்டுவிட்டீர்கள். மீதிப் பேர் என் மனைவியிடம் கேட்டீர்கள். மேடையில் சரியாகச் சொல்ல வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

எல்லாம் ஒரு பவுண்டு இசைத்தட்டால் வந்த வினை. அறக்கட்டளைக் கடையில் பழைய தட்டுகளைத் துழாவும்போது அகப்பட்டது. 1956-ல் பதிவானது, 'மை ஃபேர் லேடி' இசைநாடகத்தின் பாட்டுகளை மூன்று பேர் ஜாஸாக வாசித்தது. அட்டையில் 'ஷெல்லி மான் அண்ட் ஹிஸ் ஃப்ரெண்ட்ஸ்' என்று இருந்தது. ஷெல்லி மான் யார்? ட்ரம்ஸ் வாசித்தவர். அந்த 'நண்பர்கள்' யார் என்று அறிய ஒரு நட்சத்திரக் குறியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். பாஸ் என்ற பெரிய தந்திவாத்தியத்தை வாசித்தவர் லெராய் வின்னிகர், பியானோ ஆந்த்ரே பிரெவின். தாளக்காரன் பெயர் முன்னால், ஸ்வரக்காரன் பெயர் பின்னால்! முப்பது வருஷமாகக் கச்சேரி நோட்டீஸின் கடைசி வரியில் என் பெயரைத் தேடிப் பழகியவன் நான். அந்த அட்டையைக் கீழே வைக்க மனசு வருமா?

டர்ன்டேபிள் தந்த அண்ணனுக்கு முதல் நன்றி. அண்ணே, ஊசி விலை என்ன என்று நீங்கள் ஏற்கெனவே சொல்லியிருந்ததால், தட்டில் வைக்கும்போதெல்லாம் என் கை நடுங்கியதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்த ஊசியால்தான் ஷெல்லி மான் பிரஷ்ஷால் தோலைத் தடவுகிற சத்தம் கடைசி வரிசை வரைக்கும் போனது. போனில் அது வெறும் இரைச்சல். ஹாலில் யாரோ புடவைத் தலைப்பை இழுத்துவிட்டதுபோல் இருந்தது.

படங்களோடு கதை சொன்ன பாப்பாவுக்கு அடுத்தது. ஏ லெவல் பரீட்சையை வைத்துக்கொண்டு இதைச் செய்தாள். அவள் அம்மாவிடம் நான் தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன். 1929-ல் பெர்லினில் ஒரு யூத வழக்கறிஞர் வீட்டில் ஆந்த்ரியாஸ் லுட்விக் பிரிவினாகப் பிறந்தது, சின்ன வயதிலேயே அங்குள்ள இசைக் கல்லூரியில் சேர்ந்தது, யூதப் பிள்ளை என்பதாலேயே 1938-ல் வெளியே அனுப்பப்பட்டது, குடும்பம் பாரிஸ் போய் அங்கிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போய்ச் சேர்ந்தது என்று நாலே படத்தில் முடித்துவிட்டாள். அந்த நாலாவது படத்தில் ஹால் அமைதியானதைக் கவனித்தேன். வந்திருந்தவர்களில் பெட்டி கட்டி ஊரை விட்டு வந்த கதை இல்லாத வீடு குறைவு.

அப்புறம் அவளே சிரிக்கவும் வைத்தாள். லாஸ் ஏஞ்சலஸில் பையன் ஊமைப்படத்துக்குப் பியானோ வாசிக்கப் போகிறான். படம் ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்துக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது. இவன் கை குஷியில் ஒரு துள்ளல் மெட்டில் இருக்கும்போது திரையில் ஏசுவைச் சிலுவையில் அறைகிறார்கள். அன்றோடு அந்த வேலை போனது. பிரெவினே சொல்லிச் சிரித்த கதை இது. திரையைப் பார்க்காமல் வாசிக்கக்கூடாது என்று அன்று பட்டுத் தெரிந்துகொண்டவர், பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே எம்.ஜி.எம். சினிமா ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்து, பின்னால் நாலு ஆஸ்கர் வாங்கினார். கடைசி ஆஸ்கர் அதே 'மை ஃபேர் லேடி' படமானபோது செய்த இசைக்காக. மூன்று பேராக எட்டு வருஷம் முன்பு வாசித்துத் தள்ளிய பாட்டுகளை, இப்போது முழு ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து நடத்தினார்.

சரி, பியானோ விஷயம். ட்யூன் பண்ணித் தருகிறோம் என்று சொல்லப்பட்ட பியானோவில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ப் பார்த்தால், நடுவில் ஒரு கட்டை அமுக்கினால் எழுந்திருக்கவே இல்லை. யாரையும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கருவிப்பெட்டியோடு வந்து நின்றாரே, அந்த ட்யூனருக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு இதைப் படித்துக் காட்டுவேன். ஒரு மணி நேரத்துக்குப் பேசிய கூலிக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். கட்டைக்கு அடியிலிருந்து ஐம்பது பென்ஸ் நாணயம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். பியானோத் தம்பி அன்று அதில் வாசித்த இரண்டு மெட்டும் அந்த மனிதர் போட்ட பிச்சை.

நான் மேடையில் சொதப்பிய கதையை இங்கே சேர்த்துவிடுகிறேன். இந்த மாலை நிகழ்ச்சியை நான் எடுத்ததே அந்தக் கதைக்காகத்தான். ஐம்பதுகளின் தொடக்கத்தில், ராணுவ சேவையில் சான்ஃபிரான்சிஸ்கோவில் இருந்தபோது, பிரெவின் பியேர் மோந்தோவிடம் கண்டக்டிங், அதாவது ஆர்க்கெஸ்ட்ராவைக் கையசைத்து நடத்தும் வித்தை, படித்தார். பெரிய ஆசான். ஒரு நாள் ஹைடன் சிம்பனியின் கடைசிப் பகுதியைச் சிஷ்யன் கையைக் காலை வீசி நடத்தி முடிக்கிறான். ஆர்க்கெஸ்ட்ரா நன்றாக வாசித்ததா என்று ஆசான் கேட்கிறார். ஆமாம் என்கிறான். எனக்கும் அப்படித்தான் பட்டது, அடுத்த தடவை நீ குறுக்கே போகாதே என்கிறார்.

பக்கவாத்தியக்காரனுக்கு இது புதுப் பாடம் இல்லை. பாடுகிறவர் நிரவலில், ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும் இடத்தில், நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது மிருதங்கம் செய்ய வேண்டிய பெரிய காரியம், கையை அடக்கிக்கொண்டு இருப்பது. ஜாஸ் பியானோவும் பாதி நேரம் அந்த வேலைதான். பாஸ்காரர் தனியாக வாசிக்கும்போது அங்கங்கே இரண்டு ஸ்வரத்தை வைத்துவிட்டு ஒதுங்க வேண்டும். பிரெவினுக்கு இந்தக் காது மூன்று பேர் வாசிக்கும் டிரியோவில் வந்தது, கண்டக்டர் மேடைக்கு அதையே கொண்டுபோனார் என்பது என் கட்சி. அதற்குத்தான் ராக்மனினோவின் இரண்டாம் சிம்பனியின் மூன்றாம் பகுதியைப் போட்டேன். 1973-ல் லண்டன் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. பல கண்டக்டர்கள் அங்கங்கே வெட்டி வாசித்துவந்த சிம்பனியை இவர் முழுசாகப் பதிவு செய்தார். அதில் கிளாரினெட் நீளமாகத் தனியே பாடுகிற இடத்தில், கீழே தந்திகள் மூச்சுவிடுவதோடு சரி. யாரும் அதைத் தள்ளவில்லை, இழுக்கவில்லை.

இதை ஒப்புக்கொள்ளாமல் எழுந்து பேசிய முன்வரிசை ஐயாவுக்கு விசேஷ நன்றி. ஜாஸ், சினிமா, சிம்பனி, ஓபரா, டிவி என்று எல்லாவற்றையும் தொட்டவர் எதிலாவது உச்சியைத் தொட்டாரா என்று கேட்டீர்கள். இதே கேள்வியை அவர் காலத்து விமர்சகர்களும் கேட்டார்கள். ஹாலிவுட்டிலிருந்து வந்தவர் என்பதே ஒரு வசவாக இருந்தது. 1967-ல் ஹூஸ்டன் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் அடுத்த வருஷம் லண்டன் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் கண்டக்டராக வந்தபோது அந்த வால் கூடவே வந்தது. நீங்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஜாஸ் பியானோ மேதை ஆர்ட் டேட்டம் பக்கத்தில் வைத்தால் இவர் பியானோ கொஞ்சம் சுத்தமாக இஸ்திரி போட்ட சட்டைதான். ஆனால் அந்த லண்டன் ஆர்க்கெஸ்ட்ராவில் பதினோரு வருஷம் இருந்து, ஆங்கிலேய இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸின் ஒன்பது சிம்பனியையும் பதிவு செய்தவரை மேம்போக்கு என்று சொல்ல என்னால் முடியாது. மீதி வாக்குவாதத்தை டீக்கடையில் வைத்துக்கொள்வோம், டீ என் செலவு.

வீணை அக்காவுக்கும் நன்றி. ரவிசங்கரின் முதல் சித்தார் கான்செர்ட்டோவை, அதாவது சித்தாரும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பை, இங்கே ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் 1971 ஜனவரியில் முதன்முதலாக நடத்தியவர் பிரெவின்தான் என்று நான் சொன்னதும், "அதில் ரெண்டாவது பகுதி சிந்து பைரவி ராகச் சாயல்தானே?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பிடித்துவிட்டீர்கள். என் குறை வேறு. அந்தப் பதிவில் தபலா இல்லை, பாங்கோ வைத்திருக்கிறார்கள். எனக்கு அது கடைசி வரை ஒட்டவில்லை. தோல் பிடித்தவன் புத்தி, விடுங்கள்.

எதிர்வீட்டுப் பெரியவருக்கு இனிமேல்தான் நன்றி. நாற்பது வருஷம் லண்டனில் கறுப்பு டாக்ஸி ஓட்டியவர். கூட்டத்தில் தமிழ் தெரியாமல் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். 1971 கிறிஸ்துமஸ் அன்று பிபிசியில் வந்த, மோர்கம் அண்ட் வைஸ் என்ற நகைச்சுவை ஜோடியின் நிகழ்ச்சியைத் திரையில் போட்டதும்தான் நிமிர்ந்தார். பிரெவினின் பெயரை அவர்கள் 'ஆண்ட்ரூ ப்ரிவ்யூ' என்று மாற்றி, இசையமைப்பாளர் கிரீக்கின் பியானோ கான்செர்ட்டோவை நாசம் செய்கிற காட்சி. விமான நிலையத்திலிருந்து வரும் காரில் வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்த பிரெவின், முகத்தில் ஒரு கோடு அசையாமல், என் பேட்டனை (கண்டக்டர் கையில் பிடிக்கும் கோல்) எடுத்துவருகிறேன், அது சிகாகோவில் இருக்கிறது என்கிறார். அந்த ஒரு வினாடி இடைவெளிக்கு நான் தாளம் போட்டுப் பார்த்தேன். அரை அட்சரம் முந்தினாலும் சிரிப்பு போயிருக்கும். அப்புறம் எரிக் மோர்கம் பிரெவினின் கோட்டுக் காலரைப் பிடித்துக்கொண்டு, ஸ்வரமெல்லாம் சரியாகத்தான் வாசிக்கிறேன், வரிசை மட்டும்தான் முன்னே பின்னே என்று சொல்லும் இடத்தைப் பெரியவர் திரையில் வருவதற்கு முன்பே சொல்லி முடித்துவிட்டார். பல வருஷம் கழித்தும் லண்டன் டாக்ஸிக்காரர்கள் பிரெவினை 'மிஸ்டர் ப்ரிவ்யூ' என்றுதான் கூப்பிட்டார்கள். நம் பெரியவர் இப்போது என்னையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

பிட்ஸ்பர்க், லாஸ் ஏஞ்சலஸ், ஆஸ்லோ ஆர்க்கெஸ்ட்ராக்கள், ஓபராக்கள் எல்லாம் நேரமில்லாமல் விட்டுப்போயின. 1989-ல் கிட்டார்க்காரர் ஜோ பாஸ், பாஸ்காரர் ரே பிரௌன் இருவரையும் சேர்த்துக்கொண்டு திரும்ப ஜாஸுக்கு வந்த பதிவை மட்டும் ஆட்கள் நாற்காலி மடிக்கும்போது ஓடவிட்டேன். இத்தனை வருஷம் பேட்டன் பிடித்த கை, ரே பிரௌன் பாஸுக்கு வழிவிட்டு எப்படி ஒதுங்குகிறது என்று நாற்காலியைக் கையில் வைத்துக்கொண்டே நின்று கேட்ட இரண்டு பையன்களைப் பார்த்தேன். என் கிளாஸ் பையன்கள். அடுத்த வாரம் தனி ஆவர்த்தனத்தில் தெரியும்.

அறுபது பேருக்கு மெதுவடை போட்ட அக்காமார் மூன்று பேருக்கும், பார்க்கிங்கில் குளிரில் நின்ற தம்பிக்கும், வரவில்லை என்றாலும் உண்டியலில் போடச் சொல்லி அனுப்பியவர்களுக்கும் கும்பிடு. வரவு செலவுக் கணக்கை நம் மிருதங்க கிளாஸ் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஹால் வாடகை போக மிஞ்சியது ட்யூனருக்குப் போனது, அந்த ஐம்பது பென்ஸ் உட்பட.

ஒரு நீலக் குடையும் இரண்டு டிபன் பாக்ஸ் மூடியும் என் வீட்டில் இருக்கின்றன.

டர்ன்டேபிள் அண்ணே, ஒரு விஷயம். உங்கள் பெட்டி இப்போது என் வீட்டில் இல்லை. எதிர்வீட்டில் இருக்கிறது. ஒரே ஒரு ராத்திரி அந்தத் தட்டைக் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று பெரியவர் வாங்கிப்போனார். நாலு ராத்திரி ஆகிவிட்டது, ஜன்னல் வழியாக ஷெல்லி மான் இன்னும் கேட்கிறார். ஊசிக்கு நான் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் மிருதங்க வாத்தியார்