ஆறு வருஷம் பிந்திய நன்றி

அன்புள்ளவர்களுக்கு,

இந்த மடலை 2019இலேயே எழுதியிருக்க வேண்டும். கால் வலி, கிளினிக் அலைச்சல், பிறகு கொரோனா என்று சாட்டுச் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டேன். உண்மையான காரணம் கீழே வருகிறது.

அந்த உயிர்த்த ஞாயிறு, ஏப்ரல் 21, கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் பூசை கண்டுகொண்டிருந்தேன். 8.45க்குக் குண்டு வெடித்தது. சத்தம் எனக்கு நினைவில்லை. ஓடுகள் விழுந்துகொண்டே இருந்ததுதான் நினைவிருக்கிறது.

என்னை அள்ளித் தூக்கிக்கொண்டு ஓடின தம்பிக்குத்தான் முதல் நன்றி. பெயர் தெரியாது, ஜம்பட்டா வீதிப் பக்கம் த்ரீவீல் ஓடுகிறவர் என்று பிறகு சொன்னார்கள். சீட்டுக்குப் புது உறை போட்டிருந்தார். "சீட் பழுதாகுது தம்பி" என்றேன், அந்த நேரத்தில் எனக்கு வந்த கவலையைப் பாருங்கள். "பேசாம இருங்க ஆன்ட்டி" என்று அதட்டினார். காசு வாங்காமல் போய்விட்டார். கழுவுகிற கூலியாவது கடன் இருக்கிறது தம்பி, இதைப் படித்தால் வீட்டுக்கு வாருங்கள்.

பெரியாஸ்பத்திரியில் என் தலையில் கை வைத்து, "பய வென்ன எப்பா அம்மே" (பயப்படாதீங்க அம்மா) என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே இருந்த நர்ஸ் மிஸ்ஸிக்கு நன்றி. அவருக்கு நீர்கொழும்புப் பக்கம். கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும் குண்டு என்று டியூட்டியில் நிற்கும்போதுதான் அறிந்தார். போனைப் பார்த்தார், வெளியே போனார், முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்து என் கட்டைப் பிரித்தார். அவர் வீட்டாருக்கு என்ன ஆனது என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இரத்தம் கொடுத்தவர்களுக்கு நன்றி. எனக்கு நாலு பை ஏறியது. அன்று நாரஹேன்பிட்டி இரத்த வங்கியில் எல்லா இனத்துச் சனமும் வரிசையில் நின்றதாம். "ஒரு பையாவது முஸ்லிம் பிள்ளையுடையதாக இருக்கும்" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி. குண்டு வைத்தவர்கள் முஸ்லிம் தீவிரவாதிகள் என்று தெரிந்திருந்ததால் எனக்கு அது பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கோயில்கள் பூட்டிக் கிடந்ததால் 28ஆம் தேதி கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தொலைக்காட்சியில் பூசை வைத்தார். யாரும் கை ஓங்கக் கூடாது என்பதை அந்த நாட்களில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இவருக்கு என்ன, கால் இருக்கிறதே என்று நினைத்தேன். மே 13 வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்த செய்தி வந்தபோது எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதை மறைத்துவிட்டு நன்றி எழுதினால் அது பொய் மடல்.

வார்ட்டுக்கு வந்த ஃபாதரிடம், பரலோக மந்திரத்தில் "எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் பொறுப்பது போல" என்ற இடத்தைச் சொல்ல முடியவில்லை என்றேன். பிரசங்கம் வைப்பார் என்று பார்த்தேன். "அந்த இடம் வந்தால் வாயை மூடிக்கொள்ளுங்கள், பக்கத்தில் நிற்கிற நாங்கள் சொல்லிவிடுகிறோம்" என்றார். ஃபாதர், எத்தனையோ மாதம் அப்படித்தான் செபித்தேன். நன்றி.

இனி, மேல்மாடித் தாத்தாவுக்கு. (வெளியூர்க்காரர் குழம்ப வேண்டாம். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.) பதினெட்டு வருஷமாக நோன்பு மாதத்தில் உங்கள் வீட்டுக் கஞ்சி எங்கள் வீட்டுக்கு வரும். செவ்வாய்க்கிழமை நீங்களும் என்னோடு அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்த வருவீர்கள். அந்த வருஷம் ஏப்ரல் 29இலிருந்து முகத்தை மூடத் தடை. நீங்கள் வெளியே இறங்கவே இல்லை. ஆனால் நோன்பு தொடங்கினதும் படியிறங்கி வந்தீர்கள், மூடி போட்ட ஜக்கோடு. என் மகன் கதவைத் திறக்கவில்லை. நான் உள்ளே கட்டிலில் கிடந்தேன், எனக்குக் கேட்டது. திற என்று நான் சொல்லவில்லை.

அடுத்த நாளும் வந்தீர்கள். அதற்கடுத்த நாள் ஜக்கை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். மாலையில் அதைத் தொடாமல் அப்படியே மேலே அனுப்பினோம். வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கவே கூசுகிற குடும்பம் எங்களுடையது.

ஜூன் 12ஆம் தேதி கோயில் திரும்பத் திறந்தது. மறுநாள் பெருநாளுக்கு ஊன்றுகோலோடு போனேன். சின்ன வயதில் கேட்ட கதை அங்கே ஞாபகம் வந்தது. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) இங்கே ஆண்டு கத்தோலிக்கரைத் துரத்திய காலத்தில் அந்தோனியோ அடிகள் வியாபாரி வேஷத்தில் மறைந்து திரிந்தாராம். நம் வேதத்தில் இல்லாத மீனவர்கள்தான் அவருக்கு இடம் கொடுத்தார்களாம். அந்த இடத்தில்தான் எங்கள் கோயில். உடுப்பை மாற்றாமல் தெருவில் இறங்கப் பயந்த ஒருத்தி என் தலைக்கு மேலேயே இருந்தாள், நான் என்ன கொடுத்தேன்?

வீட்டுக்கு வந்து உங்களைக் கூப்பிட்டு அனுப்பினேன். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, என் காலைத்தான் பார்த்தீர்கள்.

பொறுத்துவிட்டால் நீதி கேட்கக் கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எச்சரிக்கை வந்தும் தடுக்கவில்லை என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. இதற்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று நான் இன்னும் கேட்கிறேன். நீங்களும் என்னோடு மெழுகுதிரி பிடித்துக்கொண்டு கேட்கிறீர்கள். அதற்கும் நன்றி.

போன மாதமும் கஞ்சி வந்தது, தாத்தா. ஜக்கு இன்னும் என் குசினியில் இருக்கிறது. 21ஆம் தேதி திங்கட்கிழமை பூசை முடிந்ததும் பலகாரம் நிரப்பிக்கொண்டு நானே மேலே வருகிறேன். படி ஏற நேரமாகும், கதவைப் பூட்டிவிடாதீர்கள்.

கொச்சிக்கடையிலிருந்து,
உங்கள் கீழ்வீட்டுத் தங்கச்சி