தொப்பூர் அக்காவுக்கு நன்றி

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்காகத் தர்மபுரியிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்த எங்கள் காவி உடைக் குழுவில் நால்வருக்கு, தொப்பூர் வருவதற்குள் பாதமெல்லாம் கொப்புளம். மழையில் நனைந்த சாக்ஸோடு நடந்ததுதான் காரணம். ஈரத்தில் தோல் ஊறிவிட்டால் சீக்கிரம் உரிந்துவிடும்.

டீக்கடை ஓரம் நின்றிருந்த நீங்கள், யாரும் கேட்காமலே தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக மடியில் வைத்துக்கொண்டீர்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுத்தீர்கள். பிரிக்காத புது ஊசியால் கொப்புளத்தின் ஓரத்தில் மட்டும் குத்தி நீரை வடித்தீர்கள். "மேல்தோலைக் கிழிச்சிடாதீங்க, அதுதான் உள்ளே புண்ணாகாம காக்கும்" என்றீர்கள். களிம்பு தடவி, காஸ் துணி கட்டினீர்கள். சர்க்கரை நோய் உள்ள பெரியவருக்கு மட்டும் ஊசியைத் தொடவேயில்லை. அவரை ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் அனுப்பினீர்கள். அந்த நிதானம் பெரிய விஷயம் அக்கா.

கணவாய் இறக்கத்தில் லாரிகள் வேகமாக வரும், எதிரே வண்டி தெரியும்படி வலது ஓரமாகவே போங்கள் என்றும் சொன்னீர்கள்.

பெரிய வியாழனன்று, இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்துக் கோயிலில் நடக்கும் பாதம் கழுவும் சடங்கை ஆண்டுதோறும் பார்க்கிறோம். அதன் பொருள் சாலையோரத்தில், நெற்றியில் திருநீறு பூசிய உங்கள் கைகளில் விளங்கியது. திருயாத்திரை என்பது போய்ச் சேரும் இடம் மட்டுமல்ல, வழியில் பிறர் கையை நம்பி நிற்பதும்தான்.

பெயர் கேட்டதற்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டீர்கள். மாதா முன் ஏற்றிய மெழுகுவர்த்தியில் ஒன்று "தொப்பூர் அக்கா"வுக்காக.